பச்சை மீனுக்கு வரி இல்லை

என் தங்கச்சி ஜெசிந்தாவை யாராவது என்னிடம் புகழ்ந்தால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வரும். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவள் அவள். மாதம் பிறந்தால் சம்பளம், மதியம் கேண்டீன் சாப்பாடு, போக வர கம்பெனி பஸ். அந்த பஸ்ஸை ஓட்டுகிற ஏசுதாஸ் நான்தான். ஆறேழு வருடம் அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வந்தோம். திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன் என்றாள். புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, வரிக் கணக்கு எழுதித் தரப்படும் என்று போர்டும் மாட்டிவிட்டாள்.

"இன்னா ஜெசி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இங்க யாரு வரப்போறா?" என்று கேட்டேன்.

"அங்க ஒரே கம்பெனிக்கு இருபது பேரு கணக்கு எழுதுறோம்ணா. இந்தக் கடற்கரை நெடுக எத்தினி கடை கீது, எழுத ஆளு இல்ல. நோட்டீஸ் வந்தப்புறம்தான் எல்லாம் அலறி அடிச்சிகினு ஓடுது."

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது மார்ச் மாதம் வந்தால் அந்த அறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்காரர்கள், ஐஸ் போடுகிறவர், படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர், சனி ஞாயிறுகளில் சிறுசேரி ஐடி பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர் என்று எல்லாரும் வருடம் முழுக்கத் தூங்கிவிட்டு, மார்ச் கடைசியில் பையும் கையுமாக வந்து நிற்பார்கள். பில் பாதி இருக்கும், பாதி இருக்காது. மற்ற இடங்களில் போனிலேயே "சரக்கு இருப்பு எவ்ளோ, தோராயமா சொல்லுங்க" என்று கேட்டு எழுதிவிடுவார்கள். இவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போவாள். பாதி செதுக்கிக் கிடக்கிற நந்திக்கு என்ன மதிப்புப் போடுவது என்று சிற்பியோடு கல்தூசியில் நின்று மல்லுக்கு நிற்பாள். ஒரு தடவை அவளை அழைத்துவரப் போனபோது நானே பார்த்தேன். "தும்பிக்கை ஒடஞ்ச புள்ளையார முழு வெலைக்கு எழுதச் சொல்றீங்களே, அத யாரு வாங்குவா? கல்லு வெலதான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அடுத்த வருடமும் அவளிடம்தான் வந்தார்.

அவளுக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். ஒருத்தர் கணக்கை இன்னொருத்தரிடம் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் லாட்ஜ் வைத்து எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று நானே எத்தனையோ முறை நைசாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "உன் பஸ் டிக்கெட்ட நீ பாருண்ணா" என்பாள். கம்பெனி பஸ்ஸில் ஏது டிக்கெட்.

சம்பளம்தான் வயிற்றெரிச்சல். காசு உள்ளவர்கள் காசு கொடுப்பார்கள். இல்லாதவர்கள் சங்கராவும் வஞ்சிரமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் தவக்காலம் வந்தால் கறி இல்லையே என்ற கவலையே கிடையாது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருடம் குப்பம்மாவுக்கு வந்த நோட்டீஸை இவள் எடுத்துக்கொண்டதைச் சொல்வதற்குத்தான்.

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி இருக்கிற ஒரு குப்பத்தில் குப்பம்மா மீன் வறுவல் கடை வைத்திருக்கிறாள். கடல் பக்கம் போகிற பாதையில் முதலில் அவள் கடை. அதை ஒட்டினாற்போல் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காலையில் பச்சை மீன் கூறு போட்டு விற்பார்கள். கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் யார் பையிலும் இப்போது ரூபாய் நோட்டு கிடையாது. "அக்கா, ஜிபே இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். பலகை போட்ட கடையும் பெரிய போனும் குப்பம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் கியூஆர் அட்டையும் அவளிடம் மட்டும்தான் இருந்தது. படகு இழுக்கக் கரையில் கிடக்கிற வடக்கயிறு யாருடையது என்று அந்தப் பெண்கள் கேட்பார்களா? அப்படித்தான் இதையும் பொதுவாக எடுத்துக்கொண்டார்கள். யாரிடம் மீன் வாங்கினாலும் பணம் குப்பம்மா அட்டைக்கு.

பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுமே ஒரு சின்னப் பெட்டி, அதைக் குப்பம்மா கடை வாசலில் தொங்கவிட்டிருந்தாள். பெட்டி "முந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும். வரிசையிலிருந்து ஒருத்தி "என்துடீ" என்று குரல் கொடுப்பாள். அவ்வளவுதான் கணக்கு. மத்தியானம் குப்பம்மா ஏடிஎம்மில் பணம் எடுத்துவந்து அவரவருக்குப் பிரித்துக் கொடுப்பாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை. இதே வரிசையில் தண்ணீர்க் குடத்துக்கு வாரம் ஒரு சண்டை நடக்கும்.

பிப்ரவரியில் வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. உன் கணக்கில் இவ்வளவு பணம் வந்திருக்கிறதே, ஏன் பதிவு செய்யவில்லை, ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். பச்சை மீனுக்கு வரி இல்லை. வறுத்த மீனுக்கு உண்டு. வந்த பணம் எல்லாமே குப்பம்மா வறுத்து விற்ற மீன் என்று நோட்டீஸ் எடுத்துக்கொண்டிருந்தது. வரியும் அபராதமுமாக அவர்கள் போட்ட தொகைக்குக் கடையை விற்றாலும் காணாது. குப்பம்மாவின் புருஷன் இன்ஜின் தூக்கும்போது முதுகு பிசகிப் படுத்தவர். அந்தக் கடை போனால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை. இதை அவள் மாடியில் உட்கார்ந்து ஜெசியிடம் சொன்னபோது அழவில்லையாம். "கட வாணாம்னு சொல்லிட்டா வுட்டுடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பணம் வந்த நேரம் காலைப் பொழுது. வறுவல் கடையில் அடுப்பு பற்றவைப்பதே மதியத்துக்கு மேல்தான். அதை வைத்துப் பேசலாம். ஆனால் அது மட்டும் போதாது. அந்தப் பணம் எங்களுடையது என்று மீன் விற்கிற பெண்கள் ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கையெழுத்து என்றதும் எல்லாரும் பின்வாங்கினார்கள். இத்தனை பணம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் மாதாமாதம் அரசாங்கம் தருகிற ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. அந்தக் குப்பத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற நாட்டாரின் மனைவி ராஜமும் அந்த வரிசையில் மீன் விற்கிறவள்தான். வாய்க்காரி. "குப்பம்மாவுக்கு ஒத்தாச பண்ணலாம் பாப்பா. அதுக்காக எங்க தலைல நாங்களே மண்ண வாரிப் போட்டுக்கணுமா?" என்று ஜெசியை நேருக்கு நேர் கேட்டாள்.

அத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். மார்ச் மாதம், தலைக்கு மேல் வேலை, இவள் என்னடாவென்றால் தினமும் விடியற்காலையில் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டாள். எந்தப் படகில் எடுத்தாய், கூடை என்ன விலைக்கு விழுந்தது, ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, விற்காமல் கருவாட்டுக்குப் போனது எவ்வளவு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாது. மீன்பிடித் தடை நீங்கியதிலிருந்து ஐப்பசி மழை வரை, மழையிலிருந்து பொங்கல் வரை என்று கேட்டால் கடகடவென்று வரும். அப்படியே எழுதினாள்.

"வித்த காசு எல்லாம் வருமானம் இல்லக்கா. எல்லாத்தையும் கழிச்சப்புறம் உன் கைல இன்னா நிக்குதோ அதான் வருமானம். அதுக்கு யாரும் உன் ஆயிரம் ரூபாய நிறுத்த மாட்டாங்க."

"நீ சொல்ற. அவங்க சொல்லுவாங்களா?"

"நான் எழுதித் தர்றேன்" என்றாள். ஒவ்வொருத்தியின் காகிதத்துக்கும் கீழே, இந்தக் கணக்கை நான் பார்த்துச் சரியென்று சொல்கிறேன் என்று தன் பெயரையும் வரி ஆலோசகர் பதிவு எண்ணையும் போட்டாள். பொய் என்று தெரிந்தால் அவளுடைய பதிவு போய்விடும், தொழிலும் போய்விடும். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மீன்காரப் பெண்களின் பேச்சை நம்பி யாராவது தொழிலை அடகு வைப்பார்களா? "நம்பிலாம் இல்லண்ணா, பாத்துட்டுதான் போட்டேன்" என்றாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜமும் வந்தாள்.

கடைசியாக, அதே வரிசையில் மீன் விற்கிற செங்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் உள்ளே போனாள். உள்ளே பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

செங்கம்மாளின் மகள் தமிழரசி, எங்கள் தெருப் பையன் ஆல்வினைக் கட்டிக்கொண்டவள். எங்கள் அப்பா காலம் வரைக்கும் நாங்கள் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். குப்பத்துக்காரர்கள் எங்களுக்கு மீன் விற்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணோடு பேச்சு கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, மீறினால் தண்டம் என்று குப்பத்தில் கட்டு போட்டார்கள். தீர்ப்புச் சொன்னவர் ராஜத்தின் புருஷன். செங்கம்மாள் அன்றிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வாரா வாரம் தன் பங்கில் கொஞ்சத்தைக் கையில் வாங்காமல், குப்பம்மா போனிலிருந்தே மகளுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் குப்பம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆல்வின் என் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறான். "குப்பம்மாக்காவுக்கு எவ்ளோ நல்ல மனசு பாருங்கண்ணா, கேக்காமலே அனுப்புது" என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

வாராவாரம் தமிழரசி பெயருக்குப் போகிற பணம் வங்கிக் கணக்கில் வரிசையாக நின்றது. அதற்குத்தான் செங்கம்மாள் வந்திருந்தாள்.

"அத வேற இன்னாவாச்சும் எழுதிடும்மா. குப்பம்மா கடன் வாங்கினா, அத அடைக்கிறான்னு எழுதேன்."

"இல்லாதத எழுத மாட்டேன்க்கா."

"அப்ப எல்லாரு முன்னாடியும் சொல்லப்போறியா? ராஜம் இருப்பாளே."

"நானா சொல்ல மாட்டேன். அவங்க கேட்டாங்கன்னா, சொல்றதா வேணாமான்னு நீதான்க்கா முடிவு பண்ணணும்."

"சொல்லலன்னா?"

"குப்பம்மாக்கா கடை போனாலும் போகும்" என்றாள்.

செங்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

விசாரணை நாளன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தெரிந்தவர் வேனை வாங்கி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு நானே ஓட்டினேன். வழியெல்லாம் பேச்சும் சிரிப்புமாக வந்தார்கள். செங்கம்மாள் மட்டும் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதிகாரி ஒரு பெண்மணி. அதட்டல் உருட்டல் கிடையாது, பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொருத்தியும் எழுந்து இது என் பணம் என்றாள். பெட்டி கத்துவதையும், "என்துடீ" என்று இவர்கள் குரல் கொடுப்பதையும் ராஜம் நடித்தே காட்டினாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் வந்த பணம், மதியம் பற்றவைக்கிற அடுப்பு எல்லாவற்றையும் ஜெசி எடுத்து வைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். இந்தத் தமிழரசி யார்? உங்கள் பட்டியலில் இல்லையே. வாராவாரம் இவருக்குப் போயிருக்கிறது. வேறு கடை ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்றார் அதிகாரி.

குப்பம்மா வாயைத் திறக்கவில்லை. கடை போகிற நேரத்திலும் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினாள். அதிகாரி ஜெசியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மேடம். ஆனா சொல்ல மாட்டேன்னு வார்த்தை கொடுத்திருக்கேன்."

"இதை விளக்காவிட்டால் மற்றதையும் நான் ஏற்க முடியாது. எல்லாக் காகிதத்திலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கும் பிரச்சினையாகும்."

"தெரியும் மேடம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம். எனக்கும்தானே தெரியும். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன். ஜெசி திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். அவளைவிட எட்டு வயது பெரியவன் நான். கம்பெனியில் மேனேஜரே என்னிடம் குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

அப்போது செங்கம்மாள் எழுந்தாள்.

"அது என் காசும்மா. தமிழரசி என் மவ. வேற தெருவுல கட்டிகினு போயிட்டா. ஊருல சேத்துக்கல. நான்தான் குப்பம்மாவ அனுப்பச் சொன்னேன். அவளுக்குப் புள்ள கீது, கைப்புள்ள." அதிகாரியிடம் பேச ஆரம்பித்தவள், முடிக்கும்போது ராஜத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிகாரிக்கு இந்தக் கட்டு, தண்டமெல்லாம் தெரியாது அல்லவா. "உங்கள் மகள் என்பதற்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டாங்க."

"சரி, அவரைத் தெரிந்தவர் யாராவது ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்."

சாட்சி போடுவது என்றால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொடுப்பது. குப்பத்தில் கட்டு போட்ட பெண்ணை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் போடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் இது அவர்கள் வீட்டு விஷயம், நான் ஆல்வின் தெருக்காரன்.

ராஜம் எழுந்து மேஜைக்குப் போனாள். "பேனா குடு ஜெசிம்மா" என்றாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுச் செங்கம்மாளிடம் திரும்பினாள். "தீர்ப்பு சொன்னது என் வூட்டுக்காரரு. என்னிய யாரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன். புள்ள பொறந்தத ஏன்டீ எங்கிட்ட சொல்லல?"

செங்கம்மாள் அப்போதுதான் அழுதாள். மற்ற பெண்களும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் போதும், ஒருவர் போதும் என்று அதிகாரி சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

நோட்டீஸைக் கைவிடுவதாக ஏப்ரலில் உத்தரவு வந்தது. குப்பம்மா கடை அப்படியே இருக்கிறது. நாட்டார் தண்டத்தைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. வீட்டில் சோறு போடுகிறவள் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

அடுத்த வருடமும் இதே கூத்து கூடாது என்று, தடைக்காலத்தில் சும்மா இருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு ஜெசி வங்கிக்கு அலைந்தாள். தனித்தனிக் கணக்கு, தனித்தனி அட்டை. போன் இல்லாதவர்களுக்குத் தவணையில் வாங்க வழி பார்த்துக் கொடுத்தாள். எல்லாம் காசு வாங்காமல். அதற்கும் நான் சத்தம் போட்டேன். ஆனால் அவளைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்பதையும் அன்றைக்கு அவளிடமே சொன்னேன். "போண்ணா" என்று சிரித்தாள்.

புதுப் போன் கைக்கு வந்த அன்று செங்கம்மாள் மாடிக்கு வந்தாள். நான் ஜெசிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். எந்த இடத்தில் அழுத்துவது என்று ஜெசி காட்டினாள். தமிழரசிக்கு முதல் தடவையாகத் தன் கணக்கிலிருந்தே இருநூறு ரூபாய் அனுப்பினாள் செங்கம்மாள்.

"இப்ப அவ போன்ல யாரு பேரு வரும்?" என்று கேட்டாள்.

"உன் பேருதான்க்கா. செங்கம்மாள்னு வரும், நம்பரோட."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. செங்கம்மாள் சட்டென்று போனை ஜெசியிடம் நீட்டினாள். "நீ பேசும்மா. நான் அனுப்பிச்சேன்னு நீ சொல்லு."

ஜெசி கையை நீட்டவில்லை. "நான் சொல்ல மாட்டேன்க்கா. நீ பேசு" என்றாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடப் போகிறதே என்று எனக்குப் பதறியது. செங்கம்மாள் பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அம்மா அம்மா என்கிற சத்தம் எனக்கே கேட்டது. செங்கம்மாள் கேட்டாள்.

"இன்னாடி, சாப்ட்டியா?"